வெளியில் தொங்கிய பூட்டு

பாப்பாவுக்கு முதலில் லேசான காய்ச்சல்தான். கஞ்சி வேண்டாம் என்றாள். பாலும் வேண்டாம் என்றாள். தெருமுனை கிளினிக்கில் சளி மருந்து கொடுத்தார்கள். மறுநாள் கழுத்து வீங்கியது. மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி சத்தம் வந்தது.

ஓசூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். எனக்கும் காட்டினார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஆடை படிந்திருந்தது.

“தடுப்பூசி எல்லாம் போட்டிருக்கா?”

“பேரிகையில மொத ஊசி போட்டோங்க மேடம். அப்புறம் போடல,” என்றேன்.

“ஏன்?”

என் மனைவி மஞ்சுளா என்னைப் பார்த்தாள்.

தொண்டை அடைப்பான் (தொண்டையில் ஆடை படிந்து மூச்சை அடைக்கும் தொற்று) என்றார். அதன் விஷம் ரத்தத்தில் கலக்குமாம். ஆம்புலன்ஸில் பெங்களூருக்கு அனுப்பினார்கள்.

பாப்பா பிறந்தது மஞ்சுளாவின் ஊரான பேரிகையில். முதல் ஊசி போட்ட அன்று காய்ச்சலில் அழுதாள். அந்த ஊரில் ஊசி நாளன்று நர்ஸம்மா தெருவில் நின்று பிள்ளை பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். பிறகு வேலைக்காக ஓசூர் வந்தோம்; இங்கேயும் அப்படி வந்து கூப்பிடுவார்கள் என்று இருந்துவிட்டோம்.

கம்பெனியில் எனக்கு நைட் ஷிப்டு. மஞ்சுளாவுக்குப் பகல் வேலை. நான் வந்ததும் அவள் கிளம்புவாள். பாப்பா என் இடது கையில் தலை வைத்துத் தூங்குவாள். எங்கள் லைன் வீடுகளில் (ஒரே வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகள்) ஒரு பழக்கம் உண்டு. இரவு வேலை பார்த்தவன் தூங்கும்போது யாரும் கதவைத் தட்டக்கூடாது என்று வெளியில் பூட்டிவிட்டுப் போவார்கள். சாவியை ஜன்னல் வழியாக உள்ளே போடுவார்கள்; எழுந்ததும் அதைப் பக்கத்து வீட்டாரிடம் நீட்டித் திறக்கச் சொல்வோம்.

“கேபிள்காரன் தட்டுனா அவன் சட்டையப் புடிக்கிற ஆளு நீ. உள்ளயே கெட,” என்று சொல்லிப் பூட்டுவாள் மஞ்சுளா. பாப்பா சிரிப்பாள்.

பெங்களூரில் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். சில நாளில் ஆடை உரிந்தது. விசில் நின்றது. “ப்பா, ஜூசு” என்று கேட்டாள். பிழைத்துவிட்டாள் என்று நினைத்தோம். மாற்றுத்துணி எடுக்க நான் ஓசூர் வந்தேன்.

லைனில் ஊசிப் பெட்டியோடு ஒரு நர்ஸ் நின்றிருந்தார். பாப்பாவுக்கு வந்த நோய் மற்ற பிள்ளைகளுக்கு வராமல் இருக்க ஊசி போட வந்தவர். நான் பூட்டைத் திறப்பதைப் பார்த்தார்.

“இது உங்க வீடாண்ணா? எப்ப வந்தாலும் பூட்டுதான் தொங்கும். ஊருக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்.”

“உள்ளதாம்மா இருந்தோம்.”

“கூப்பிட்டுக்கூடப் பாத்தனே?”

“ஃபேன் சத்தத்துல கேட்டிருக்காது.”

அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

தொண்டை தேறியது. நெஞ்சு தேறவில்லை. விஷம் முன்னமே இதயத்தில் இறங்கிவிட்டது (இதயத் தசை கெட்டு, துடிப்பு தடுமாறும்) என்றார்கள். நான் பெங்களூருக்குத் திரும்பிப் போனபோது பாப்பா மஞ்சுளாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ் சொன்னதை அப்போது சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் காலையில் பாப்பா போய்விட்டாள்.

காரியம் முடிந்த பிறகு சொன்னேன். மஞ்சுளா எழுந்து பூட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வெறும் கையோடு வந்தாள். எங்கே போட்டாய் என்று நான் கேட்கவில்லை.

ஷிப்டுக்குப் போகிறவர்கள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று இருக்காதீர்கள். ஊசி விட்டுப்போயிருந்தால், விட்ட இடத்திலிருந்து போடுவார்களாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் கேளுங்கள். எனக்கு அப்போது அது தெரியாது.

இப்போதும் எனக்கு நைட் ஷிப்டுதான். பகலில் இடது கையை நீட்டித்தான் படுக்கிறேன். முன்பெல்லாம் அது மரத்துப்போகும். இப்போது மரப்பதில்லை. ஃபேன் போடுவதில்லை. கதவைச் சாத்துவதும் இல்லை. வெளியே யார் யாரைக் கூப்பிட்டாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.