லோரி பின்னால!

சைக்கிள் குழுவில் சேர்கிறவர்களுக்குக் கால் வலுவைவிடத் தொண்டை வலுதான் முதலில் வேண்டும். முன்னால் போகிறவர் குழியைக் கண்டால் "லுபாங்!" என்று கத்திக் கையைத் தாழ்த்தி அந்தப் பக்கத்தைக் காட்டுவார். பின்னால் வண்டி வந்தால் கடைசி ஆள் "காடி பின்னால!" என்று கத்த வேண்டும், லோரி வந்தால் "லோரி பின்னால!" அதை ஒவ்வொருவரும் வாங்கி முன்னால் இருப்பவருக்குக் கத்துவோம். குழியைக் கையால் காட்டிவிடலாம். முதுகுக்குப் பின்னால் வருவதைச் சொல்ல வாயை விட்டால் வேறு வழியில்லை.

என் வீட்டுக்காரருக்குக் காது மந்தம். தொழிற்சாலை இயந்திரங்களுக்கு நடுவே காலமெல்லாம் நின்று வாங்கிக்கொண்டு வந்தது. டாக்டர் கொடுத்த காது மெஷின் அலமாரியில் கிடக்கிறது. ஓட்டும்போது காற்று அடித்தால் அதில் ஒரே இரைச்சலாம். குழுவில் சொல்லிவிடுங்கள் என்றால் முகம் சிவந்துவிடும்.

"சொன்னா என்னை ஓட்ட விடுவாங்களா? பேசாம இரு லா."

வேலையிலிருந்து நின்றபிறகு அவர் சிரித்த முகத்தோடு இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு வாராவாரம் அவரோடு ஃபெரி ஏறினேன். பட்டர்வொர்த்தில் இறங்கியதும் அவருக்கு நேர் பின்னால் இடம் பிடித்துக்கொள்வேன். பின்னாலிருந்து சத்தம் வந்தால் அதை வாங்கி, ஊரே திரும்பிப் பார்க்கும்படி கத்துவேன். அவரும் இடப்பக்கம் ஒதுங்கிவிடுவார். என் குரலாவது அவருக்கு எட்டுகிறதே என்று இருந்தது. இருந்தாலும் சனிக்கிழமை வந்தாலே பயத்தில் எனக்குச் சோறு இறங்காது.

அந்த ஞாயிறு கெப்பாலா பத்தாஸ் பக்கம் வயல்களுக்கு நடுவே போனோம். எதிர்காற்று. முன்னால் போகிறவர்தான் காற்றை முழுக்கத் தாங்க வேண்டும் என்பதால் முறை வைத்து மாறிக்கொள்வோம். அன்று முதன்முதலாக அவர் முறை வந்தது. என்ன சொல்லித் தடுப்பது? அவர் முதல் ஆளாகப் போனார், நான் இரண்டாவது.

"லோரி பின்னால!" என்று சத்தம் வந்தது. நான் கத்தினேன். அவர் ஒதுங்கவில்லை. தொண்டை கிழிய மறுபடியும் கத்தினேன். அவரோ எதிரே இருந்த குழியை எங்களுக்கு அழகாகக் கை காட்டிவிட்டு, வலப்பக்கம் நடுச்சாலைக்கே போனார். ஹார்ன், பிரேக், தூசி. லோரி அவருடைய முழங்கையை உரசாத குறையாகக் கடந்தபோதுதான் திடுக்கிட்டுத் திரும்பினார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அடுத்திருந்த சாலையோர ஒட்டுக்கடையில் தே தாரேக் குடிக்க நின்றோம். குழுவை நடத்தும் தம்பி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சத்தமாகவே கேட்டார்.

"என்ன அண்ணே, அக்கா அந்தக் கத்து கத்துறாங்க, கேக்கலையா?"

"காத்து சத்தம் தம்பி," என்று இவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "காத்துமில்ல ஒண்ணுமில்ல தம்பி. இவருக்குக் காது கேக்காது," என்று போட்டு உடைத்துவிட்டேன். அதன்பிறகு அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

திரும்பும்போது ஃபெரியில் சைக்கிளைப் பிடித்தபடி கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆயுசுக்கும் என்னோடு பேசமாட்டாரோ என்று நடுங்கினேன். கடைசியில் அவர் எதிரே போய் நின்று, உதடு தெரியும்படி நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்.

"என்னைத் திட்டுங்க, பரவால்ல. ஆனா இத்தனை நாளும் நான் கத்துனப்ப ஒதுங்குனீங்களே. இன்னிக்கு மட்டும் ஏன் கேக்கல?"

அவர் ஹேண்டில்பாரைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"என்னிக்குமே கேக்கல. முன்னால போறவன் முதுகப் பாத்துக்கிட்டே ஓட்டுவேன். அவன் ஒதுங்குனா நானும் ஒதுங்கிக்குவேன். இன்னிக்கு எனக்கு முன்னால யாரும் இல்லியே."