வெட்டி எடுத்த இருமல்

என் அக்காவின் கணவரை எல்லோரும் ‘சவுண்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்பீக்கர் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறார். பெட்டியை மடியில் வைத்து ஒரு தட்டுத் தட்டினாலே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். மனுஷருடைய கோளாறுதான் அவர் காதில் விழாது. கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்கிறீர்களா? ஆமாம், கோபத்தில்தான்.

எங்கள் சபையில் மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் மேசை அத்தானின் பொறுப்பு. ஞாயிறு ஆராதனையைப் போனில் நேரலையாக விட ஆரம்பித்தபோது முப்பது பேர் பார்த்தார்கள். பிறகு முந்நூறு, அப்புறம் மூவாயிரம். அதோடு மனுஷர் கைநழுவிப் போனார். ஜெபத்துக்குப் பாஸ்டர் கண்ணை மூடச் சொன்னால் எல்லோரும் மூடுவோம். அத்தான் மட்டும் திரையின் ஓரத்தில் எண் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டிலும் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போன் இருக்கும். கேட்டால் ஊழியம் என்பார். அந்தச் சொல்லுக்கு மேல் யார் வாய் திறப்பது?

அக்காவுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. இருமல் வந்தால் இரண்டு குட்டையாக, ஒன்று நீளமாக வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒருவர், முகம் தெரியாத மகராசன், நேரலையின் கீழே எழுதினார்: ‘நல்ல பாட்டு. நடுவில் யாரோ இருமிக் கெடுக்கிறார்கள்.’

மறுவாரம் அத்தான் அவளைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். அங்கிருந்தும் கேட்டது. அடுத்து வாசலில், செருப்பு விடுகிற இடத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். அதோடும் நிற்கவில்லை. பழைய பதிவுகளையெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு, அவள் இருமிய இடத்தையெல்லாம் வெட்டி எடுத்துச் சுத்தமாக்கி ஏற்றினார். வெட்டுவதற்கு முன்னிருந்த அசல் பதிவுகளை இடம் அடைக்கிறது என்று அழித்தும் விட்டார். ஒரு மாதம் ஆனது அந்த வேலைக்கு. அவ்வளவு பொறுமையாக அக்காவின் பேச்சை அவர் கேட்டதே இல்லை.

கடைசியில் அவளே வீட்டில் இருந்து போனில் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். நானும் அதுதான் சரி, உடம்புக்கும் நல்லது என்றேன். அந்த நேரலைக்கு வாராவாரம் லைக் போட்டவள் நானும்தான். அத்தானை மட்டும் கூண்டில் ஏற்றினால் எனக்கே அடுக்காது.

ஒரு ஞாயிறு காலை அக்கா குளித்து, நல்ல சேலை உடுத்தி, செருப்பையும் போட்டுக்கொண்டு நின்றாள். எனக்கு முன்னால்தான் கேட்டாள்.

“ஏங்க, இன்னைக்கு ஒரு நாள் உள்ள உட்காந்துக்கிறேனே. வாயில துணி வச்சிக்கிறேன்.”

அத்தான் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “இன்னைக்குச் சிறப்பு ஆராதனை. நெறைய பேரு பாப்பாங்க. அடுத்த வாரம் கூட்டிட்டுப் போறேன்.”

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். செவ்வாய்க்கிழமை மூச்சுத்திணறல் வந்தது. புதன்கிழமை ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்துப் போனேன். அத்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கு போனில் பேசி அனுப்புகிற பழக்கம் கிடையாது. கேமராவைக் கண்டாலே ஒதுங்குவாள். அவள் குரல் பதிந்திருந்தது என்றால் அந்த ஆராதனைகளில் மட்டும்தான். அவள் இருமல் ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா என்று நாலு வருஷத்துப் பதிவுகளை அவர் ஒன்றுவிடாமல் கேட்டிருந்தார். பாட்டு இருந்தது, பிரசங்கம் இருந்தது. அவள் இருந்த இடமெல்லாம் அவரே துடைத்து வைத்தபடி சுத்தமாக இருந்தது. நன்றாக வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த ஞாயிறு ஆராதனை நடுவில் அத்தான் எழுந்தார். நேரலையை நிறுத்தினார், மைக்கையும் அணைத்தார். வெறும் தொண்டையில் பேசினார்.

“நம்ம வீட்டுல ஏது விக்கிரகம்னு மார்தட்டுவேன். கர்த்தருக்குன்னு சொல்லிச் சொல்லி அந்த நம்பரைத்தான் கும்பிட்டேன். அதுக்காக எம்பொண்டாட்டிய செருப்புக்கிட்ட உட்கார வச்சேன்.”

பின்னால் இருந்தவர்களுக்குப் பாதி கேட்கவில்லை. மேசைச் சாவியைப் பாஸ்டரிடம் கொடுத்துவிட்டு, வாசலுக்குப் போய் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் மேசைப் பக்கம் போகவே இல்லை. போனில் அந்த நேரலைப் பக்கத்தையும் எடுத்துவிட்டார். கேட்டால், கை இன்னும் அதைத் தேடுகிறது என்கிறார்.

போன வாரம் கூட்டம் கலைந்த பிறகு என்னை அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

“உனக்கும் அவளுக்கும் ஒரே குரல்னு எல்லாரும் சொல்லுவாங்கல்ல. அவ இருமுற மாதிரி ஒரு தடவ இருமிக் காட்டுறியா?”

நாலு வார்த்தை திட்டத்தான் வாயைத் திறந்தேன். எப்படியோ இருமல்தான் வந்தது. குட்டையாக ஒன்று, இன்னொன்று. அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

நீளமானதை என்னால் முடிக்க முடியவில்லை.