தாடியைத் தடவிக் காட்டியவர்

நான் விளையாட்டாகச் சொன்ன ஒரு பொய்யால் ஹவானாவில் ஓர் ஆசிரியைக்கு வேலை போயிற்று.

எண்பதுகளில் ஜெர்சி சிட்டியில் எனக்கு முடி வெட்டியவர் ஒரு கியூபாக்காரர். வழுக்கைத் தலை, ஓயாத பேச்சு. தன் நாட்டு அதிபரின் பெயரை மட்டும் சொல்ல மாட்டார். வாசலைப் பார்த்துவிட்டு, இல்லாத தாடியைத் தடவிக் காட்டுவார். "அடுத்த கிறிஸ்துமஸுக்குள் ஆட்சி கவிழ்ந்துவிடும்" என்பார், வருஷா வருஷம்.

கிரீன் கார்டுக்கு மனுப் போட்டுவிட்டுப் புரட்சியைப் புகழ்ந்துகொண்டிருந்தவன் நான். "இது அமெரிக்கா, தைரியமாகப் பெயரைச் சொல்லுமய்யா" என்றேன்.

"என் தங்கை ஹவானாவில்தானே ஆசிரியையாக இருக்கிறாள்?"

ஒருநாள், "உம்ம தாடிக்காரர் செத்துவிட்டாராம், ரேடியோவில் சொன்னார்கள்" என்றேன். கத்தரியைப் போட்டுவிட்டுத் தங்கைக்கு போன் செய்தார். பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூத்தாடினார். அங்கே போனை ஒட்டுக்கேட்டவர்கள் ரசிக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள்தான் அவர்களுக்கு வேண்டியவராயிற்றே. அவள் வேலையைத் திருப்பித் தரச் சொல்லி எழுதிக் கேளுங்கள், தோழரே" என்றார். அந்த அரசாங்கத்துக்கு நான்கு பக்கம் எழுதி, 'புரட்சியின் நண்பன்' என்று கையெழுத்திட்டேன்.

என் ஆதரவுக்கு நன்றி சொல்லி ஒரு வண்ணக் காலண்டர் வந்தது. தங்கையைப் பற்றி ஒரு வரி இல்லை.

"உங்களுக்காவது பதில் போடுகிறார்களே" என்றார். அதற்குப் பிறகும் ஆறு வருஷம் எனக்கு ஒழுங்காக முடி வெட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை.