உட்கார்ந்து எடுத்த அளவு

அந்தத் தெருவில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் விழிப்பார்கள். ஊசி என்று கேட்டால் வாசல்வரை கொண்டுவந்து விட்டுப் போவார்கள். ஆள் ஒல்லி, வாய் கூர்மை. பட்டம் வைத்தவர் ரொம்ப யோசித்திருக்க மாட்டார். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பதினொரு வருடம் சட்டைக் காலர் மட்டுமே தைத்தாள். மீதிச் சட்டையைச் சாப்பாட்டு இடைவேளைகளில் பக்கத்து மெஷின்களைப் பார்த்தே கற்றுக்கொண்டாள். இப்போது வீட்டின் முன்னறையில் இரண்டு மெஷின், வெட்டு மேசை, தலையில்லாத ஒரு பொம்மை. உள்ளறையில் அண்ணன் இஸ்திரி போடுகிறார். தங்கை வெட்டினால் நூலளவும் பிசகாது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வதும் அவர்தான்.

பிசகியது ஒரே ஒரு தடவை.

நூலகத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி சக்கர நாற்காலியில் அம்மாவோடு வந்தாள். வயது முப்பத்தொன்று. பழைய விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. பதினைந்து நாளில் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். பாதம்வரை இறங்கும் கவுன் வேண்டும் என்றாள்.

"கடையில விக்கிற எதையும் என்னால தனியா போட முடியலக்கா. அம்மா தூக்கணும், புரட்டணும், இழுக்கணும். அன்னிக்காவது கதவைச் சாத்திக்கிட்டு நானே உடுத்திக்கிட்டு வரணும். அழகாவும் இருக்கணும், அது வேற."

"வேறயா? அதுக்குத்தானே நான் இருக்கேன்," என்றாள் ஊசி.

நிற்க முடியாதவளைக் கட்டிலில் நேராகப் படுக்க வைத்து, தோளிலிருந்து குதிகால்வரை அளவெடுத்தாள். நின்றாலும் படுத்தாலும் நீளம் ஒன்றுதானே என்பது அவள் கணக்கு. பத்து நாளில் கவுன் தயார். பொம்மைக்குப் போட்டபோது அண்ணன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து பார்த்தார்.

ஆனால் பொம்மை நிற்கிறது, பெண் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா தூக்கிப் பிடித்துப் போட்டுவிட்டதும் வயிற்றருகே துணி மூட்டையாகக் குவிந்தது. முன்விளிம்பு முழங்காலில் மடங்கிக் கெண்டைக்காலுக்கு ஏறியது. பக்கவாட்டில் வைத்த சுருக்கங்கள் சக்கரத்தில் போய் மாட்டின.

"அடியில மடிப்பு விழுந்திருக்காக்கா?"

"கொஞ்சம் இருக்கு. உறுத்துதா?"

"உறுத்தாது. அதான் பயமே. ரெண்டு நாள் கழிச்சுப் புண்ணு வந்துதான் சொல்லும்."

ஊசி குனிந்து அந்த மடிப்பை இழுத்து நீவிப் பார்த்தாள், போகவில்லை.

"பரவால்லக்கா, விடுங்க. பழையபடி அம்மாவே..."

"நீ சும்மா இரு. தப்பா அளவெடுத்தது நான். உன் உடம்பு தப்பா அளவு கொடுக்கல. இன்னும் அஞ்சு நாள் இருக்கு."

இந்த முறை நாற்காலியிலேயே வைத்து அளந்தாள். இடுப்பிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து கால்வைக்கும் பலகை, இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவே எவ்வளவு இடம், எல்லாம் தனித்தனியாக. அவள் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாறுகிறாள் என்று கேட்டு, கைகளை ஊன்றி நகர்வதை இரண்டு தடவை செய்துகாட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அண்ணன் எட்டிப் பார்த்தபோது தங்கை துப்பட்டாவால் தன் இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, தன் கட்டிலுக்கும் வீட்டு நாற்காலிக்கும் நடுவே தரையில் கிடந்தாள்.

"என்னடி, விக்கெட் விழுந்துடுச்சா?"

"சிரிக்காதண்ணா. அந்தப் பழைய போர்வையை நாற்காலி மேல விரி. மறுபடி ஏறிப் பார்க்கிறேன்."

போர்வை மேல் போய் உட்கார்ந்தவள், அதன் இரண்டு ஓரங்களையும் இழுத்து மடிமேல் மூடினாள். ஓரங்களைத் திறந்து, மறுபடி மூடிப் பார்த்தாள். பிறகு, "கத்தரிக்கோலை எடு," என்றாள்.

கவுனை இடுப்போடு இரண்டாக வெட்டினாள். கீழ்ப்பகுதியை முன்னால் பிளந்து, திறந்த பாவாடையாக்கினாள். அதை நாற்காலியில் விரித்து, மேலே உட்கார்ந்து, இரண்டு பக்கமும் மடிக்குக் கொண்டுவந்து இடுப்பில் வெல்க்ரோ பட்டையால் ஒட்டினால் போதும். உட்காரும் இடத்தில் தையலே இல்லை. மிச்சத் துணியை இணைத்ததில் முன்பக்கம் நீளம் கூடியது. பக்கச் சுருக்கங்கள் போயின. மேல்பகுதிக்கு முன்னால் அமுக்குப் பொத்தான்கள். அதன் விளிம்பில் சேர்த்த பட்டி கீழே இறங்கி, வெட்டிய இடத்தை மறைத்தது. பார்க்கிறவர்களுக்கு ஒரே கவுன்.

நாற்காலியில் வைத்து ஒரு தடவை ஒத்திகை பார்த்தார்கள். மடிப்பில்லை. ஆனால் அன்று அம்மா பக்கத்திலேயே நின்றாள், கை நீட்டாமல் இருக்கவும் அவளால் முடியவில்லை.

கல்யாணத்தன்று காலை ஊசி நூல் கோத்த ஊசியோடு அவர்கள் வீட்டுக்குப் போனாள். அறைக்கதவு சாத்தியிருந்தது. வெளியே அம்மா ஒரு கையைக் கதவிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நேரமாச்சும்மா. நான் போய்..."

"பத்து நிமிஷம்கூட ஆகலம்மா. இருங்க," என்றாள் ஊசி.

உள்ளே ஏதோ தொப்பென்று விழுந்தது. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

"சீப்புதான்," என்றது உள்ளேயிருந்து குரல். "ரெண்டு பேரும் மூச்சு விடுங்க."

பிறகு கதவு திறந்தது. முழங்கால்மேல் நேராக விழுந்து கால்பலகைவரை இறங்கியிருந்தது கவுன். சக்கரத்தை ஒரு சுருக்கமும் தொடவில்லை. ஊசி குனிந்து, தொடைக்கடியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது. அதற்கப்புறம்தான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். உதட்டுச்சாயம்கூடக் கோடு தப்பவில்லை.

அம்மாவுக்குக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மகள் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னம்மா, நீ இன்னும் தலைகூட வாரலையா? எனக்கு நேரமாகுது."

அம்மா தன் கலைந்த தலையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். பிறகு தன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போய் நிதானமாகக் கதவைச் சாத்திக்கொண்டாள்.