வேலுச்சாமி பையில் பீஸ் கட்டை

தொழிற்சங்கச் செயலாளர் வேலை தொண்டையை வைத்துச் செய்கிற வேலை. மூளைக்கு அதில் பெரிதாக இடமில்லை. எண்பதுகளில் ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் அப்படிக் கத்தினவன் நான். இதே பதவியில் மாட்டிக்கொண்ட புண்ணியவான்கள் யாராவது இதைப் படித்தால், வாயில் ஒரு மிட்டாயைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

தீர்ப்பு நாள்

எங்கள் ஃபிட்டர் வேலுச்சாமி மேல் கொலைக் கேஸ். கம்மாய்த் தண்ணீர்த் தகராறில் வெட்டுப்பட்டுச் செத்தவர் வேறு யாருமில்லை, அதே மில்லில் ஃபிட்டராக இருந்த மாரியப்பனின் கூடப்பிறந்த அண்ணன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் 'விடுதலை' என்று காதில் விழுந்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஓடிப்போய்ப் பால்கோவா வாங்கி, வாசலில் நின்ற போலீஸ்காரர் வரைக்கும் நீட்டிவிட்டேன். வேலுச்சாமி மட்டும் தொடவில்லை. "அண்ணாச்சி, மொதல்ல மில்லுக்குள்ள விடட்டும். பொறவு திங்கேன்" என்றான்.

மேனேஜர் படித்த வரி

மறுநாளே அவனைக் கூட்டிக்கொண்டு மேனேஜர் அறைக்குள் புகுந்தேன். அவர் தீர்ப்பில் ஒரு வரியில் விரலை வைத்தார். சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை என்று இருந்தது. நிரபராதி என்று எழுதவில்லையாம், அதனால் வேலை கிடையாதாம். வந்ததே கோபம் எனக்கு! "ஜெயில்லயும் இடமில்ல, மில்லுலயும் இடமில்லன்னா அவன் எங்க சார் போவான்? செண்பகத்தோப்புக் காட்டுக்கா?" என்று மேஜையைக் குத்தியதில் அவருடைய காபி கொட்டிவிட்டது.

அதைத் துடைத்துக்கொண்டே நிதானமாகக் கேட்டார்: "சரிய்யா, அவன் கையில பீஸ் கட்டையக் குடுத்துட்டு எவன் மிஷினுக்குள்ள படுப்பான்? ஒருத்தனக் காட்டு."

ஆள் தேடல்

பெரிய மிஷினை ரிப்பேர் பார்க்கும்போது ஒரு ஃபிட்டர் உள்ளே படுக்க வேண்டும். அதற்கு முன் மின்சாரம் வராமலிருக்க பீஸ் கட்டைகளைப் பிடுங்கிக் கூட்டாளியின் பையில் போட்டுவிடுவார். வெளியே வருகிறவரை அவர் உயிர் அந்தப் பையில்தான்.

ஒவ்வொரு ஃபிட்டராகக் கேட்டுப் பார்த்தேன். வேலுச்சாமிக்காக மில் வாசலில் கோஷம் போட்டவர்கள்தான், எல்லாருக்கும் திடீரென்று தலைபோகிற வேலை வந்துவிட்டது. கோஷத்தில் முதல் குரல் கொடுத்த சங்கரன் மட்டும் மனம் விட்டுச் சொன்னான்: "அண்ணாச்சி, எம்புட்டு வேணாலும் கத்துதேன். படுக்க மட்டும் சொல்லாதிய."

மாரியப்பன்

மேனேஜரிடம் மறுபடி ஒருதரம் கெஞ்சிப் பார்ப்போம் என்று வேலுச்சாமியை இழுத்துக்கொண்டு, பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பகுதி வழியாகப் போனேன். எதிரே ஸ்பானரோடு மாரியப்பன்! அடிதடிதான் என்று நினைத்து நடுவில் பாய்ந்தேன். என்னை ஒரு கையால் ஒதுக்கினான். பக்கத்தில் பழுதாகி நின்ற மிஷினின் பீஸ் கட்டைகளைப் பிடுங்கினான். வேலுச்சாமியின் சட்டைப்பையில் போட்டான். உள்ளே போய்ப் படுத்துவிட்டான்.

வேலுச்சாமி இரண்டு கையாலும் பையைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். விஷயம் கேட்டு மேனேஜரே ஓடிவந்துவிட்டார். மாரியப்பன் தலையெல்லாம் பஞ்சாக வெளியே வந்து கட்டைகளை வாங்கிக்கொண்டான்.

"உனக்குப் பயமா இல்லையாய்யா?" என்று கேட்டார் மேனேஜர்.

"நீங்க தீர்ப்புல ஒரு வரி படிச்சிய சார். எங்கண்ணன் கேஸ ஒரு வாய்தா விடாம அங்கன நின்னு கேட்டவன் நான்."

அடுத்த ஷிஃப்டிலேயே வேலுச்சாமி உள்ளே வந்துவிட்டான். மொத்தத்தில் அந்தக் கேஸில் நான் உருப்படியாகச் செய்தது இரண்டு தடவை பால்கோவா வாங்கினது ஒன்றுதான்.