ஆக்சுவலி அண்ணனின் வீடு

கட்டிலும் சோபாவும் விற்கும் கடையில் அவருக்கு அந்த ஆங்கிலச் சொல் இல்லாமல் வாயே திறக்காது. "ஆக்சுவலி, இது முழு மரம் சார்." "ஆக்சுவலி, உங்க ஹாலுக்கு இது பெருசு மேடம்." கடையில் எல்லோருக்கும் அவர் ஆக்சுவலி அண்ணன்தான். மருந்துக்கடையில் வேலை பார்த்த மனைவிக்கோ அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். "உண்மையிலன்னு தனியா சொல்றீங்களே, அப்ப மத்ததெல்லாம் பொய்யா?" என்று மடக்குவாள். அவர் சிரித்து மழுப்புவார்.

பக்கவாதம் வந்து அவருடைய வலது கையையும் பேச்சையும் கொண்டுபோனது. அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்தது. மற்றவர் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிந்தது. பதில் சொல்லப் போனால் அதுவே வந்து நின்றது.

"சிலருக்கு வாய்ப்பழக்கமான சொல் ஒண்ணு தங்கிடும். அதைப் பிடிச்சுக்குங்க," என்றார் பேச்சுப் பயிற்சி தந்தவர்.

அவள் பிடித்துக்கொண்டாள். முதல் எழுத்து நீண்டால் ஆமாம். கடைசி எழுத்து வெட்டுப்பட்டால் வேண்டாம். முனகலாக வந்தால் ஜன்னலைத் திறக்க வேண்டும். சில நாள் என்ன முயன்றும் விளங்காது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவள் சமையலறையில் பாத்திரங்களை உருட்டுவாள்.

அவரைப் பார்த்துக்கொள்ள எடுத்த விடுப்பு முடிந்த காலையில் அவள் மெதுவாக ஆரம்பித்தாள். "நான் வேலையை விட்டுடறேங்க. உங்களைத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரலை."

"ஆக்சுவலி," என்றார். அப்படி ஒரு கறாரான குரலை அவள் அதுவரை கேட்டதில்லை.

தடியை ஊன்றி எழுந்து போய், அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த அவளுடைய வெள்ளைக் கோட்டை இடக்கையால் இழுத்து எடுத்தார். அவள் தோளில் போட்டார். மடங்கிக் கிடந்த காலரை, சோபா உறையின் சுருக்கத்தை எடுப்பதுபோல் நீவிவிட்டார்.

"சரி, போறேன். எங்கேயாவது விழுந்து வெச்சீங்க, அப்புறம் நானும் பேச மாட்டேன்."

வேலைக்குப் போய்வந்த மாலையில், வெளியூரில் மொழிபெயர்ப்பு வேலை செய்யும் மகளிடம் போனில் இதைச் சொன்னாள்.

"அம்மா, அந்தச் சொல்லோட வேரே 'செய்'ங்கறதுதான். லத்தீன்ல இருந்து வந்தது. ஆரம்பத்துல அதுக்குச் 'செயல்ல'ன்னு அர்த்தம். 'உண்மையில'ங்கறது அப்புறம் வந்தது. இப்ப பாதி பேர் தொண்டையைக் கனைச்சுக்கற மாதிரி சும்மா போட்டுக்கறாங்க."

"உங்கப்பா ஜன்னலுக்கும் அதைத்தான் சொல்றார்."

"அதெல்லாம் சேர்த்தா அகராதியில இடம் பத்தாதும்மா."

இரண்டாவது சொல் வர மாதக்கணக்கானது. அது தன் பெயராக இருக்கும் என்று அவள் உள்ளூர ஆசைப்பட்டிருந்தாள். ஒரு மத்தியானம் அவர் உதட்டைக் குவித்து, கண்ணை மூடி, மூச்சைக் கூட்டி, "தண்ணி," என்றார்.

"போயும் போயும் தண்ணியா?" என்று கேட்டவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அவர் டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்து நீட்டினார்.

"தண்ணி."

தாகம் தீர்ந்துவிட்டது என்று அவளுக்கும் தெரியும். மறுபடி நிறைத்துக் கொடுத்தாள்.