யாரும் வாய் திறக்காத ஏலம்

நெய்யாற்றின்கரையில் நான் பில் எழுதிக்கொண்டிருந்த ஜவுளிக்கடையை ஓர் அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தினார்கள். சேர்ந்து என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். காலையில் அண்ணன் கல்லாவில் இருந்தால் மத்தியானத்துக்கு மேல் தம்பி. இருவரும் ஒரே நேரத்தில் கடைக்குள் நின்று நான் பார்த்ததில்லை. தொண்ணூறுகள் முடியப்போகிற ஒரு சித்திரை மாதம் அவர்கள் பாகம் பிரிந்தார்கள். கட்டடம் ஒருவருக்கு, சரக்கு ஒருவருக்கு. வேலைக்கு நின்ற நாங்கள் யார் பங்கிலும் வரவில்லை. அந்த மாதச் சம்பளத்தோடு வாயில் துணிச் சேலை ஒன்றையும் கையில் தந்து, "வேறெ கடை தொடங்கினா விளிக்காம்" என்றார் அண்ணன். இன்றுவரை கூப்பிடவில்லை.

எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்று வந்தது என்னுடையது மட்டும்தான். அப்பா இறந்து வருஷங்கள் ஆகியிருந்தன. அம்மா ஒரு பசுவை வைத்துப் பால் விற்றாள். அதுவும் நிறைசினையாக இருந்ததால் அப்போது கறவை இல்லை. தங்கை மங்களூரில் நர்சிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். ஜூன் முதல் வாரத்துக்குள் ஃபீஸும் ஹாஸ்டல் பாக்கியும் கட்டாவிட்டால் அவளைப் பரீட்சை எழுத விடமாட்டார்கள். எழுதாமல் திரும்பி வந்தால், அவளை அங்கே அனுப்பிய நாளிலிருந்து நாங்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அனுப்பிய அத்தனையும் வீண். அவளுக்கு அதற்குப் பிறகு என்ன இருக்கிறது என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

பணத்துக்காக நான் ஏறி இறங்காத படி இல்லை. கடைத் தொழிலாளிகளுக்கு ஏதோ நிதி உண்டு என்று யாரோ சொல்ல, தாலுகா ஆபீஸ் பக்கம் போய் விசாரித்தேன். உண்டுதான். ஆனால் முதலாளி மாதாமாதம் தன் பங்கைக் கட்டியிருக்க வேண்டும். எங்கள் முதலாளிகள் ஒருவர் கட்டுவார் என்று மற்றவர் இருந்துவிட்டார்கள். அம்மாவின் கம்மல் முதல் வருஷ ஃபீஸுக்கே அடகுக்குப் போய்விட்டது.

ஒற்றசேகரமங்கலத்தில் அம்மாவின் அண்ணன் இருந்தார். கொஞ்சம் ரப்பர் உண்டு. பஸ் பிடித்துப் போனேன். மாமா என்னை உட்காரவைத்து ரப்பர் விலை எப்படி இறங்கியது என்பதை ஆதியோடந்தமாகச் சொன்னார். நான் ஆறுதல் சொல்லவேண்டிய நிலைமைக்கு அவர் வந்துவிட்டார். அத்தை மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் வயிறு நிறையத் தந்தாள். கிளம்பும்போது ஒரு பெரிய சக்கையை, அதாவது பலாப்பழத்தை, சாக்கில் கட்டித் தலையில் ஏற்றிவிட்டார்கள். பஸ்ஸில் அதற்குத் தனியாக டிக்கெட் எடுக்கச் சொன்னார் கண்டக்டர். பணம் கேட்கப் போனவள் பணம் செலவழித்துச் சக்கை கொண்டுவந்தேன். மாமாமேல் எனக்கு வந்த கோபத்தில் நான் அதில் ஒரு சுளை தொடவில்லை. அம்மா சாவகாசமாகத் தின்றாள்.

மிச்சம் இருந்தது சிட்டி ஒன்றுதான். எங்கள் ஊரில் சீட்டுக்குச் சிட்டி என்று பெயர். என் கல்யாணத்துக்குச் சங்கிலி எடுப்பதற்காக அம்மா என் சம்பளத்திலிருந்து கட்டிவந்தது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் அதை நடத்தினார். மாதம் ஒருமுறை எல்லோரும் தவணை கட்ட வேண்டும். சேர்ந்த மொத்தத்தையும் ஏலத்தில் ஒருவர் எடுப்பார். அவசரக்காரர்கள், 'எனக்கு இவ்வளவு குறைத்துத் தந்தால் போதும்' என்று போட்டி போட்டுத் தள்ளிக்கொண்டே போவார்கள். யார் அதிகம் தள்ளுகிறாரோ அவருக்குச் சிட்டி. தள்ளிய பணம் மற்ற எல்லோருக்கும் பங்காகப் பிரியும். ஆக, ஒருத்தியின் அவசரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு லாபம் மற்றவர்களுக்கு.

சிட்டி கிட்டத்தட்ட முழுசாக என் கைக்கு வந்தால் மங்களூருக்கு அனுப்பிவிட்டு நாங்கள் அரிசியும் வாங்கலாம். போட்டி வந்து கால் பங்கு தள்ளிப்போனால் ஃபீஸுக்கே பற்றாது. போதாக்குறைக்கு இன்னொரு சிக்கல். சிட்டி எடுப்பவர் மிச்சத் தவணைகளை ஒழுங்காகக் கட்டுவார் என்பதற்கு மாதச் சம்பளக்காரர் ஒருவர் ஜாமீனாகக் கையெழுத்து, எங்கள் பேச்சில் ஒப்பு, போட வேண்டும். எங்கள் உறவிலேயே மாதச் சம்பளக்காரி என்று இருந்தது நான்தான். நானே இப்போது அப்படி இல்லை.

போட்டி வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா முந்தின மாத ஏலத்திலேயே எழுந்து நின்று, "அடுத்த மாசம் எனக்காக்கும். எடவப்பாதி மழைக்கு முன்னால ஓலையைப் பிரிச்சு ஓடு போடணும். எவ்வளவு தள்ளினாலும் எடுப்பேன்" என்று சொல்லியிருந்தாள். அவள் அரசுப் பள்ளியில் ஆயா, மாதம் பிறந்தால் சம்பளம், சொன்னால் செய்வாள். எனக்கும் அவளுக்கும் பேச்சு வேறு இல்லை. அவளுடைய ஆடு எங்கள் மரச்சீனியின் குருத்தைக் கடித்ததற்காக நான் ஆட்டையும் சொன்னேன், ஆட்டை வளர்த்தவளையும் சொன்னேன். என் வாய் அப்படி. அவள் வாயும் ஒன்றும் குறைந்ததில்லை.

ஏலத்துக்கு மூன்று நாள் முன்பு சபையில் பெண்கள் ஜெபக்கூட்டம். வட்டமாகப் பாய் விரித்து உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒவ்வொருவராக உரக்க ஜெபிப்பார்கள். ஆண்டவருக்குக் காது மந்தம் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனாலும் விவரம் எதுவும் விட்டுப்போய்விடக் கூடாது என்று எல்லோருக்கும் ஒரு கவலை. அம்மாவின் முறை வந்தது. வழக்கமாக அவள் பசுவுக்காகவும் போதகருக்காகவும் ஜெபித்து முடித்துவிடுவாள்.

"கர்த்தாவே, எனக்க மூத்தவளுக்க ஜோலி போச்சு, நீர் அறிவீர்" என்று தொடங்கினாள். எனக்குத் திக்கென்றது. "இளையவளுக்கு ஃபீஸ் கட்ட ஜூன் முதல் ஆழ்ச்ச கடைசி, அதும் நீர் அறிவீர். கட்டல்லேன்னா பரீட்சை இல்ல. எங்க அண்ணன்கிட்ட போய்க் கேட்டதுக்கு ஒரு சக்கையாக்கும் தந்து விட்டாரு. ஞாயிறாழ்ச்ச மூணு மணிக்கு சிட்டி ஏலம் உண்டு ஆண்டவரே. நாலுல ஒரு பங்கு போச்சுதுன்னா பின்ன ஒண்ணுக்கும் ஒக்காது. அதனால மத்தவியளுக்க வாயை நீரே அடைச்சு வைக்கணும்."

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். இரண்டு பேர் தள்ளி பக்கத்து வீட்டு அக்கா இருந்தாள். அவள் உதடு அசையவே இல்லை.

வழி முழுக்க அம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தேன். "நம்ம கஷ்டத்தை ஊரைக் கூட்டிச் சொல்லணுமா?"

"நான் ஊருட்டயா சொன்னேன்? ஆண்டவருட்டல்லா சொன்னேன்."

"ஆண்டவரு மட்டுமா அங்க இருந்தாரு?"

"பின்ன, மத்தவிய எல்லாரும் கண்ணை மூடிட்டுத்தானே இருந்தாவ."

வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாள் குழாயடியில், சபைக்கும் ஜெபத்துக்கும் சம்பந்தமே இல்லாத, கோயிலை ஒட்டிய வீட்டு அம்மா என் குடத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டே, "மோளே, ஃபீஸ் ஜூன் எத்தனாந் தேதி?" என்று கேட்டாள். விஷயம் அந்த அளவுக்குப் போயிருந்தது. இனி எல்லோருக்கும் என் அவசரம் தெரியும். அவசரம் தெரிந்தால் ஏலத்தில் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பாட்டுக்கு மேல், சிட்டிக்காரரின் முற்றத்தில் தார்ப்பாய் கட்டிக் கூட்டம் கூடியது. எங்கள் சிட்டி ஏலத்தை அடுத்த முக்கு வரை கேட்கலாம். கட்டன் சாயா குடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் கத்துவார்கள். அதிலும் சாயாக்கடை அண்ணன் ஒருவர் உண்டு. சிட்டி எடுக்கும் உத்தேசம் துளிகூட இல்லாமல், அடுத்தவரைத் தள்ளவைப்பதற்காகவே கேட்பார். அதில் வரும் பங்குதான் தன் வெற்றிலைச் செலவு என்று வெளிப்படையாகவே சொல்வார்.

அன்று அம்மா என் பக்கத்தில் இருந்தாள். பக்கத்து வீட்டு அக்கா எங்களுக்கு எதிரே, நல்ல சேலை கட்டி, கைப்பையை மடியில் வைத்து இருந்தாள். "தேவை உள்ளவிய கேக்கலாம்" என்றார் சிட்டிக்காரர்.

குறைந்தது இவ்வளவாவது தள்ளியே ஆகவேண்டும் என்று ஓர் அடிமட்டத் தொகை உண்டு. அதை நான் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. சிட்டிக்காரர் அதைத் தம் பஸ் குரலில் திருப்பிச் சொன்னார்.

யாரும் பேசவில்லை.

சாயாக்கடை அண்ணன் தொண்டையைச் செருமினார். அவர் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே தார்ப்பாயைப் பார்க்க ஆரம்பித்தார். அக்கா சேலை ஓரத்தில் ஒரு நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை அவள் கை அசையும்போதும் இதோ கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஒரு தரம்" என்றார் சிட்டிக்காரர். வேறு நாட்களில் ஒரு தரத்துக்கும் இரண்டு தரத்துக்கும் நடுவில் அவர் சொல்லாத கதை இருக்காது. அன்று, ஆள் ஏறுமுன் விசிலடித்த மாதிரி, "ரெண்டு தரம், மூணு தரம்" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார்.

எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. அம்மா என் தொடையில் கிள்ளினாள். சிட்டி எனக்கு. கிட்டத்தட்ட முழுசாக. அந்த முற்றத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் அந்த மாதம் வரவேண்டிய பங்கு ஏறக்குறைய இல்லாமல் போயிருந்தது. ஒருவர்கூட அதைப் பற்றி முணுமுணுக்கவில்லை.

"ஜாமீன் ஆரு?" என்று கேட்டார் சிட்டிக்காரர். கேட்கக் கூடாதென்று அவருக்கு இருந்திருக்கும். ஆனால் ஊர்ப் பணம், கேட்டுத்தானே ஆகவேண்டும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எதிரே கைப்பையின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"எங்க போடணும் ஒப்பு?"

நான் தலையைத் தூக்கி, "அக்கா, உனக்க ஓடு?" என்றேன்.

"ஓடு அடுத்த வருஷமும் போடலாம். பரீட்சையை அடுத்த வருஷத்துக்கு மாத்தி வைப்பாவளா?" ஒப்புப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "ஆனா ஒண்ணு. எனக்க ஆட்டைச் சொன்னதுக்கு நான் உன்கூட மிண்ட மாட்டேன், கேட்டியா."

பேசவும் இல்லை. ஓணத்துக்குக் கொஞ்சம் முன்னால் பாறசாலையில் ஒரு மருந்துக்கடையில் எனக்கு வேலை கிடைத்தது. அதுவரைக்கும் தவணைகளைப் பசு கன்று ஈன்ற பிறகு வந்த பாலில் கட்டினோம். ஒரு மாதம் நாலைந்து நாள் பிந்தியபோது என் மானம் போனதைவிட, ஜாமீன் போட்ட அக்காவின் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்றுதான் தூங்காமல் இருந்தேன். அப்போதும் அவள் வந்து கேட்கவில்லை. எதிரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள்.

ஏலத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை நெய்யாற்றின்கரை பாங்கில் டிராஃப்ட் எடுத்து ரெஜிஸ்டர் தபாலில் மங்களூருக்கு அனுப்பினேன். வெளியே வந்ததும் பசித்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு பசி என்று ஒன்று தெரிந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து பரோட்டாவும் மாட்டுக்கறியும் சாப்பிட்டேன். பெண் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னொரு பரோட்டா சொன்னேன். சந்தோஷத்தைவிட, தலையிலிருந்து சுமை இறங்கிக் கழுத்து நிமிர்ந்த மாதிரி ஒரு நிம்மதி.

ஜூன் பிறந்து, சொல்லிவைத்திருந்த சாயங்காலம் ஜங்ஷனில் உள்ள எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஹாஸ்டலுக்குப் போன் போட்டேன். தங்கை ஓடிவந்து எடுத்தாள், மூச்சு வாங்கியது.

"கட்டியாச்சு அக்கா. ஹால் டிக்கெட்டும் கிட்டியாச்சு."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"அக்கா, இவ்வளவு பைசா ஆரு தந்தா? மாமாவா?"

"மாமாவா! ஆரும் ஒண்ணும் தரல்ல. சிட்டியை நான் எடுத்தேன். ஏலத்துல ஒருத்தரும் மிண்டல்ல."

"ஒருத்தருமா?"

"ஒருத்தரும்."

"சாயாக்கடை அண்ணனுமா?"

"அவரும்தான்."

அந்த முற்றத்து ஏலங்களைப் பார்த்து வளர்ந்தவள் அவள். அவளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தத்தில்தான் அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. பூத்துக்காரன் என்னைப் பார்த்து மீட்டரைக் கையால் காட்டினான். ஓடட்டும் என்று நான் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.